அறுநூறு ரூபாய்க்கு ஐந்தாண்டுக் காத்திருப்பு: அருப்புக்கோட்டை – திருச்சுழி வறள்நிலத்தின் தலித் பட்டதாரிகள்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்த ஒருவர் கல்லூரியில் சேர்ந்தால் அவருக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கப்பட்டன. அதே மாணவர் பட்டம் பெற்று வெளியே வருகிறார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்கிறார். ஐந்து ஆண்டுகள் வேலை கிடைக்காமல் காத்திருக்கிறார். அதன் பிறகு அவருக்கு அரசு தரும் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை மாதம் 600 ரூபாய். அதுவும் மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பொறியியல், மருத்துவம், சட்டம் முதலிய தொழிற்பட்டங்களைப் பெற்றவர்களுக்கு இந்த 600 ரூபாயும் கிடையாது.

படிக்கும்போது நாளொன்றுக்கு 33 ரூபாய். படித்து முடித்து ஐந்தாண்டு வெறுமனே இருந்தபின் நாளொன்றுக்கு 20 ரூபாய். அரசு தன் இளைஞர்களைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பதை இவ்விரு எண்களும் எந்தக் கொள்கை அறிக்கையையும்விடத் தெளிவாகச் சொல்கின்றன. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளை யார் எப்படிக் கடக்கிறார்கள் என்பதே இங்கு ஆராயப்படுகிறது. எல்லாச் சாதி இளைஞரும் காத்திருக்கிறார்கள். ஆனால் காத்திருப்பின் விலை எல்லாச் சாதிக்கும் ஒன்றாக இல்லை.

இதற்கு விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியை, அதாவது அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களை எடுத்துக்கொள்வோம். வைகையின் பாசனம் எட்டாத, குண்டாற்றில் வெள்ளம் வந்தால் மட்டுமே கண்மாய் நிறைகிற மானாவாரி நிலம் இது. ஐப்பசி மழையை நம்பி மக்காச்சோளம், பருத்தி, மல்லி, உளுந்து, மிளகாய் விதைக்கிறார்கள். மழை தவறினால் அந்த ஆண்டு முழுதும் தவறியதாகவே பொருள். தரிசாய்க் கிடக்கும் நிலங்களைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது. அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவது பலருக்கு இடைக்காலப் பிழைப்பு. 2018 ஜனவரியில் நிதி ஆயோக் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்ற பட்டியலை அறிவித்தபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டே: இராமநாதபுரமும் விருதுநகரும்.

அரசியலில் இப்பகுதி ஒதுக்கப்பட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது. எம்.ஜி.ஆர். முதன்முதலாக முதலமைச்சரான 1977 தேர்தலில் வென்ற தொகுதி அருப்புக்கோட்டை. 2021இல் அமைந்த அமைச்சரவையில் அருப்புக்கோட்டையின் சட்டமன்ற உறுப்பினர் வருவாய்த் துறைக்கும், திருச்சுழியின் சட்டமன்ற உறுப்பினர் முதலில் தொழில் துறைக்கும் 2023 முதல் நிதித் துறைக்கும் பொறுப்பேற்றனர். பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகளில் இரண்டு பெரிய துறைகளின் அமைச்சர்கள். அறிவிப்புகளுக்கும் குறைவில்லை. மதுரை–அருப்புக்கோட்டை–தூத்துக்குடி ரயில்பாதை 2011-12 நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்றது. தூத்துக்குடிப் பக்கம் தொடங்கிய பணி அருப்புக்கோட்டையை இன்னும் எட்டவில்லை. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 262 கிலோமீட்டர் கால்வாயில் குண்டாற்றைத் தொடும் பகுதி கடைசிக் கட்டம். அந்தத் தண்ணீர் ஒருநாள் வந்தே சேர்ந்தாலும் அது பாயப்போகும் ஆயக்கட்டில் தலித்துகளுக்கு எத்தனை ஏக்கர் என்ற கேள்வியை எந்தத் திட்ட அறிக்கையும் எழுப்பவில்லை.

நிலக் கணக்கைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். இளைஞர் வேலையின்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி வாசலிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு மூன்று தலைமுறை முன்பே ஓட்டம் தொடங்கிவிட்டது. 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணையைப் பிறப்பித்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் மீட்கப் போராடுவது அதைத்தான். அந்த ஆணை அரசின் வசமிருந்த தரிசு நிலத்தைப் பற்றியது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியோ இராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீனுக்கும் அதன் கிளை ஜமீன்களுக்கும் உட்பட்டிருந்தது. மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள பாலவனத்தத்தின் ஜமீன்தார் என்பதைப் பலரும் அறிவர். ஜமீன் ஊர்களில் தரிசும் ஜமீனுக்கே உரியது. ஆகவே செங்கற்பட்டுப் பகுதியில் தலித்துகளின் கைக்கு ஒருமுறையேனும் வந்து பறிபோன நிலம், இங்கே பெரும்பாலான ஊர்களில் வந்து சேரவே இல்லை. 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் உழுது வந்த ரயத்துகளுக்குப் பட்டா கொடுத்தது. உழுதவனிடம் கூலியாக இருந்தவனுக்கு அச்சட்டத்தில் இடமில்லை. மாவட்ட மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். நிலத்தில் அந்தப் பங்கு அவர்களுக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

இதே மண்ணில் இன்னொரு வரலாறும் உண்டு. அதை இளைஞர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயில் நுழைவு மறுக்கப்பட்டுத் தாமும் தீண்டாமைக்கு ஆளாகியிருந்த நாடார்கள் சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் பேட்டைகள் அமைத்து வணிகம் செய்தனர். ஒவ்வொரு மூட்டைச் சரக்கின் மீதும் மகமை வசூலித்து உறவின்முறைப் பொது நிதியில் சேர்த்தனர். 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. வழக்குச் செலவைத் தாங்கிய அதே பொது நிதி பள்ளிகளையும் கட்டியது. நீதிமன்றத்தில் தோற்றவர்கள் கடைவீதியில் வென்றார்கள். 'படித்தால் முன்னேறலாம்' என்று தலித் மாணவருக்கு இன்று சொல்லப்படும் அறிவுரையில் விடுபட்டுப்போவது இதுதான். இங்கே முன்னேறிய சமூகத்திற்குப் படிப்பு வந்து சேர்ந்தபோது பின்னால் ஒரு சரக்குக் கிட்டங்கி இருந்தது. முதல் கடை வைக்கக் கடன் தரும் உறவுக்காரர் இருந்தார். மகன் தேர்வில் தோற்றால் உட்கார வைக்க ஒரு கல்லாப்பெட்டி இருந்தது. கூலிக்கு மட்டுமே வழியிருந்த சமூகத்தால் மகமை வசூலிக்க முடியாது. மூட்டை தூக்கியவருக்கு மூட்டையின் மீது உரிமை இல்லை.

இனித் தேர்வுகளைப் பார்ப்போம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வு கிராமப்புறப் பட்டதாரிகளின் பெருங்கனவு. பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வு அது; முதுகலைப் பட்டம் பெற்றவர்களும் பொறியாளர்களும் எழுதுகிறார்கள். 2022 ஜூலையில் நடந்த தேர்வுக்கு 7,301 இடங்கள் அறிவிக்கப்பட, 22 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். 2024 ஜூன் தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்டவை 6,244 இடங்கள். விண்ணப்பங்கள் 20 இலட்சத்துக்கு மேல். 2025 ஜூலையில் 3,935 இடங்கள். ஏறத்தாழ 13 இலட்சத்து 90 ஆயிரம் விண்ணப்பங்கள். அறிவிப்புக்குப் பின் இடங்கள் கூட்டப்படுவது வழக்கம்தான். ஆயினும் தொடக்க எண்ணை வரிசையாகப் பார்த்தால் போக்கு தெரிகிறது. விண்ணப்பங்கள் குறைந்ததை வேலையின்மை குறைந்ததாகச் சிலர் வாசிக்கக்கூடும். நம்பிக்கை குறைந்ததாக வாசிப்பதே பொருத்தம் என்பது என் கணிப்பு.

இந்தத் தேர்வில் வெல்ல இரண்டு மூன்று ஆண்டுத் தொடர் உழைப்பு வேண்டும். மதுரையில் அறை வாடகை, பயிற்சி மையக் கட்டணம், மாதிரித் தேர்வுத் தாள்கள், சாப்பாடு எல்லாவற்றுக்கும் அந்தக் காலம் முழுதும் வீட்டிலிருந்து பணம் வர வேண்டும். இரண்டு ஏக்கர் கரிசல் உள்ள குடும்பம் அதை அடகு வைத்து அனுப்புகிறது. அடகு வைக்க ஏதுமற்ற குடும்பத்தின் பிள்ளை முதல் முயற்சியில் தோற்றதும் திருப்பூருக்கோ ஓசூருக்கோ பேருந்து ஏறிவிடுகிறார். பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இட ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2009 முதல் தமிழ்நாடு வழங்கிவருகிறது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றமும் உட்பிரிவு வகைப்பாட்டை ஏற்றது. ஒதுக்கீடு தேர்வறையின் வாசலில் நியாயம் செய்கிறது. தேர்வறையை அடையும்வரை உயிர் தாங்கும் செலவை அது தருவதில்லை. மூன்றாம் முயற்சியில் தேறக்கூடியவர் இரண்டாம் முயற்சிக்கே வராமல் போனால் அந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் பதிவாகாது.

ஒதுக்கீட்டின் பரப்பும் சுருங்கிவருகிறது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய பின்னடைவுப் பணியிடங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் நிரப்பப்படாமல் கிடப்பது 2022இல் அரசின் கணக்கிலேயே வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த அரசாணை 115, அரசுப் பணிகளை வெளிமுகமைக்கு விடும் வழிகளை ஆராயப் பணித்தது. எதிர்ப்பு எழுந்ததும் அதன் ஆய்வு வரம்புகள் திரும்பப் பெறப்பட்டன. நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் தூய்மைப் பணி தொடங்கிக் கீழ்நிலைப் பணிகள் ஒப்பந்தத்திற்குப் போவது மட்டும் நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் பதிமூன்று நாள் அமர்ந்து போராடியதும், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டதும் இதன் தொடர்ச்சி. ஒப்பந்தக்காரரிடம் 18 விழுக்காடு கிடையாது. ஒரு விந்தை: ஒப்பந்தத்தில் விடப்படும் தூய்மைப் பணியில் மட்டும் ஒதுக்கீடே இல்லாமல் தலித்துகள் நிறைந்திருக்கிறார்கள்.

தனியார் துறைக்குப் போகட்டும் என்பார்கள். சுக்தேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்லிவிட்டது. நாளிதழ்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதி, வெவ்வேறு சாதி, மதப் பெயர்கள் என 4,808 விண்ணப்பங்களை அவர்கள் அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால் தலித் பெயருக்கு அது 0.67. நேர்காணலுக்கு முன்பே, முகம் பார்க்கும் முன்பே மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு கழிந்துவிடுகிறது. நம் ஊர்களில் பெயரைவிட முகவரி வேகமாகப் பேசும். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார், வரவேற்கத்தக்கது. ஊருக்கு எந்தப் பக்கம் வீடு என்று கேட்கத் தெரிந்த மேலாளருக்கு அந்தச் சொல் தேவைப்படாது.

மாவட்டத்துக்குள்ளேயே வேலை வேண்டுமென்றால் பட்டாசும் மில்லும் இருக்கின்றன. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் ஏறத்தாழ இருபது உயிர்களைக் கொண்டுபோன வெடிவிபத்தை நாம் மறந்துவிடவில்லை. கல்லூரிக் கட்டணம் சேர்க்க அந்த வேலைக்குப் போகும் மாணவியர் இருக்கிறார்கள் என்பதைப் பலர் அப்போதுதான் அறிந்தார்கள். உதவித்தொகை உரிய மாதத்தில் வந்திருந்தால் மருந்து அறைக்குப் போகத் தேவையில்லாத கைகள் அவை. நூற்பாலைகளின் கதை இன்னும் பழையது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் தென்மாவட்டத்துப் பெண்பிள்ளைகள் மூன்றாண்டு விடுதிக்குள் அடைபட்டு உழைத்து, முடிவில் திருமணத்துக்கென ஒரு தொகை பெறும் முறையைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே பல ஆய்வுகள் அம்பலப்படுத்தின. அவர்களில் பெரும்பகுதி தலித் பெண்கள். இன்று அந்தப் பெயரைச் சொல்ல ஆலைகள் கூசுகின்றன. விடுதியும் தரகரும் மறைந்துவிடவில்லை. விருதுநகர் அருகே இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வரவிருக்கிறது. 1,894 கோடி ரூபாய்க்கு ஒன்றிய அரசின் ஒப்புதலும் கிடைத்துள்ளது. ஒரு இலட்சம் வேலைகள் என்கிறார்கள். எவ்வகை வேலை, நிரந்தரமா ஒப்பந்தமா, மேற்பார்வையாளர் இடங்களில் யார், விடுதி முறை உண்டா என்று இப்போதே கேட்காவிட்டால் பிறகு கேட்கும் வாய்ப்பு வராது.

கல்வி உதவித்தொகையும் அம்மாவின் கூலியும்

தலித் மாணவரின் கல்லூரிப் படிப்பு இரண்டு பணவரவுகளின் மீது நிற்கிறது. ஒன்று மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகை. மற்றொன்று அம்மாவின் நூறு நாள் வேலைக் கூலி. தமிழ்நாட்டில் அவ்வேலைக்குச் செல்வோரில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். இவ்விரண்டையும் நலத்திட்ட விவாதங்கள் தனித்தனியே பேசுகின்றன. வீட்டில் அவை ஒரே சுருக்குப் பைக்குள்தான் வந்து சேர்கின்றன. உதவித்தொகை தாமதமானால் அம்மாவின் கூலி கட்டணமாகிறது. கூலி தாமதமானால் பிள்ளை விடுப்பெடுத்துக் கூலிக்குப் போகிறது.

மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை சும்மா வந்த சலுகை இல்லை. வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் 1942 அக்டோபரில் அளித்த கோரிக்கை மனுவைத் தொடர்ந்து 1944இல் நடைமுறைக்கு வந்தது. எண்பது ஆண்டுகள் கழித்தும் அதன் வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 இலட்சம். 2019இல் உயர்சாதி ஏழைகளுக்கு ஒன்றிய அரசு ஒதுக்கீடு வழங்கியபோது ஏழ்மைக்கு வைத்த வரம்பு 8 இலட்சம். ஒரே நாட்டில் ஏழ்மைக்கு இரண்டு அளவுகோல். இடையில் சில ஆண்டுகள் ஒன்றிய அரசு தன் பங்கைக் கிட்டத்தட்ட முழுதும் மாநிலங்களின் தலையில் போட்டுவிட்டது. கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 டிசம்பரில் 60:40 என்ற விகிதம் நிறுவப்பட்டு, ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. ஒன்றியப் பங்கு நேரே மாணவர் வங்கிக் கணக்கிற்கு வருகிறது. கல்லூரி கேட்பது ஜூன் மாதத்தில்; கணக்கில் பணம் வருவது கல்வியாண்டின் இறுதியில், சில வேளை அதையும் தாண்டி. முன்கட்டணம் வாங்காமல் சேர்ப்பதற்கான அட்டை முறையைத் திட்ட நெறிமுறைகளே பேசுகின்றன. தனியார் சுயநிதிக் கல்லூரி அலுவலகத்தில் அந்த அட்டையை நீட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். திருச்சுழியில் அரசுக் கலை அறிவியல் கல்லூரி 2021இல் அறிவிக்கப்பட்டது இந்த வகையில் உண்மையான ஆறுதல். பேருந்து வசதி குறைந்த நரிக்குடிப் பக்கத்து ஊர்களின் பெண்பிள்ளைகளுக்கு அது திறந்த கதவு.

நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட கூலி 336 ரூபாய். நூறு நாளும் கிடைத்தால் ஒரு குடும்பத்துக்கு 33,600. பதினைந்து நாளுக்குள் கூலி வராவிட்டால் தாமத இழப்பீடு உண்டு: நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு. கணக்கிட்டுப் பாருங்கள். 336 ரூபாய்க்கு நாளுக்கு 17 பைசா. 2025 ஜனவரியில் முதலமைச்சர், நிலுவைக் கூலி 1,056 கோடி ரூபாயை விடுவிக்கக் கோரிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச் மாதத்தில் நிலுவை 4,034 கோடி ஆகியிருந்தது. அந்த மாதங்கள்தான் தேர்வுக் கட்டணம் கட்டும் மாதங்கள். இதற்கு முன் 2021 ஏப்ரலில் ஒன்றிய அரசு கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, பிறர் என்று பிரித்து வழங்கத் தொடங்கியதையும் நினைவுகூர வேண்டும். ஒரே கண்மாயில் ஒரே நாளில் மண் சுமந்தவர்களுக்குச் சாதிவாரியாக வெவ்வேறு நாளில் கூலி. யாருக்கு முன்னால் வந்தாலும் மற்றவர் முறைப்பது தலித்தைத்தான். அந்த நிதியாண்டு முடிவதற்குள் அது கைவிடப்பட்டது. வேலைத்தளத்தில் அது விட்டுச்சென்ற கசப்புக்கு இழப்பீட்டு விகிதம் எதுவும் கிடையாது.

2022 ஜூலையில் பிரதமர் நலத்திட்டங்களை இனிப்புப் பண்டம் வழங்கும் பண்பாடு என்று எள்ளினார். அதை இங்கும் பலர் வழிமொழிகிறார்கள். இளைஞர்கள் இலவசத்தால் சோம்பேறியாகிறார்கள் என்று தேநீர்க் கடைவரை பேச்சு நிலவுகிறது. 1,000 ரூபாய் வாங்கும் மாணவி சோம்பேறியாவதாகச் சொல்பவர்கள், வங்கிகள் பெருநிறுவனங்களுக்குத் தள்ளுபடி செய்த கடனைப் பற்றி அதே சொல்லைப் பயன்படுத்துவதில்லை. நலத்திட்டம் மிகையாக இருக்கிறது என்று தலித் இளைஞர் யாரும் சினக்கவில்லை. அது கல்லூரி வாசலோடு நின்றுவிடுகிறது. வரும்போதும் காலந்தவறி வருகிறது. சில சமயம் தங்களுக்கு உரிய நிதியிலிருந்தே எடுத்துத் தங்களுக்குப் பொதுத் திட்டமாக வழங்கப்படுகிறது. சினம் இவற்றின் மீது. 2023இல் மகளிர் உரிமைத்தொகைக்குப் பட்டியல் சாதியினர் துணைத்திட்ட நிதி பயன்படுத்தப்படுவதாகச் செய்திகள் வந்தபோது தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் மாநில அரசிடம் விளக்கம் கேட்டது. பயனாளிகளில் தலித் பெண்களும் இருக்கிறார்களே என்று அரசு வாதிடலாம். துணைத்திட்டம் பிறந்த நோக்கமே பொதுத் திட்டங்களால் அடைக்க முடியாத இடைவெளியை அடைப்பது. 2024 ஜூனில் சட்டமன்றம் நிறைவேற்றிய பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் இதற்கு ஒரு கடிவாளம். கடிவாளத்தைப் பிடிக்க மாவட்டவாரியான செலவுக் கணக்கு வேண்டும். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தையும் இங்கு சேர்த்துச் சொல்லலாம். 35 விழுக்காடு மானியம், 1.5 கோடி வரை. தமிழ்நாட்டில் இதுவரை வந்த தொழில்முனைவுத் திட்டங்களில் தலித்துகளுக்கு மிகப் பயனுள்ளது அதுவே. மானியம் போக மீதியை வங்கி தர வேண்டும். வங்கி பிணை கேட்கும். பேச்சு மறுபடியும் நிலத்திடம் வந்து நிற்கும்.

சினத்துக்கு யார் முகவரி எழுதுவது?

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, 2022இல் பட்டதாரி இளைஞரிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு என்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடையே 3.4. படிக்காதவருக்கு வேலை கிடைத்துவிடுகிறது என்று இதற்குப் பொருளில்லை. எந்த வேலையையும் மறுக்கும் வசதி அவருக்கு இல்லை. படித்தவர் சிறிது காலம் மறுக்கிறார். பட்டம் பெற்ற தலித் இளைஞர் இவ்விரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறார்: மறுக்கும் தகுதி உண்டு, மறுக்கும் வசதி இல்லை. பட்டச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கரிமூட்டத்துக்குப் போகிறவரை ஊர் 'படிச்சு என்ன கிழிச்ச' என்று கேட்கிறது. அந்தக் கேள்வி பின்னால் வரும் தம்பி தங்கைகளின் படிப்பையும் அறுக்கிறது.

படித்து வேலையற்ற கிராமத்து இளைஞரின் சினம் எங்கெல்லாம் வெடித்தது என்று அண்டை நாடுகளைப் பார்த்தாலே போதும். இலங்கையில் 1971 கிளர்ச்சியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் சிங்கள வழிக் கல்வி கற்று வேலையின்றி நின்ற கிராமப்புற இளைஞர்கள். 2024இல் வங்கதேசத்தில் வேலை ஒதுக்கீட்டை எதிர்த்து எழுந்த மாணவர் போராட்டம் ஆட்சியையே மாற்றியது. 2025 செப்டம்பரில் நேபாளத்திலும் இளைஞர் எழுச்சியில் அரசு வீழ்ந்தது. இவற்றை உற்சாகத்தோடு மட்டும் பார்ப்பது தலித் இயக்கங்களுக்குப் போதாது. வங்கதேசத்தில் எதிர்க்கப்பட்டது விடுதலைப் போர் வீரர்களின் வாரிசுகளுக்கான 30 விழுக்காடு. இந்தியாவில் வேலையின்மைச் சினம் ஒதுக்கீட்டின் மீது திருப்பப்பட்டால் யார் தாக்கப்படுவார்கள் என்பதை 1990இன் மண்டல் எதிர்ப்புப் போராட்டம் காட்டியது.

நம் மாவட்டங்களில் இது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. இடைநிலைச் சாதி இளைஞருக்கும் வேலை இல்லை. அவர்தம் மானாவாரி நிலமும் சோறு போடவில்லை. அவருடைய அரசு வேலையைத் தலித் பறித்துக்கொண்டார் என்று சொல்லிக்கொடுக்கச் சாதிச் சங்கங்கள் இருக்கின்றன. 3,935 இடம் என்று தீர்மானித்தது யார் என்று சொல்லிக்கொடுக்கும் அமைப்புகள் ஊருக்குள் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவன் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிற்றைப் பற்றித்தான் நாடே பேசியது. அந்தக் கயிற்றைக் கட்டிக்கொள்ளும் சிறுவனுக்குப் பதினெட்டு வயதில் காத்திருப்பது என்ன என்ற பேச்சு எழவில்லை. இதைச் சொல்வதால் சாதி வன்முறைக்கு வேலையின்மை ஒரு சமாதானம் என்று பொருளாகாது. வேலை கொடுத்தால் சாதி போய்விடும் என்பதும் பொய். 1957இல் தியாகி இமானுவேல் சேகரன் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டபோது அவரைக் கொன்றது ஒரு தலித்தின் தலைநிமிர்வைப் பொறுக்காத சினம். பசி அங்கே காரணமாக இல்லை.

இப்போது உடனடியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு நாள் வேலைச் சட்டத்துக்கு மாற்றாக 'விக்சித் பாரத் – ஜி ராம் ஜி' சட்டத்தை நிறைவேற்றியது. நூறு நாள் 125 ஆகும் என்பதுதான் தலைப்புச் செய்தி. பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதையும் ஒன்றிய அரசு ஏற்றது. இனி மாநிலம் 40 விழுக்காடு தர வேண்டும். அதைவிட நம் ஊர்களை நேரே தொடும் பிரிவு வேறு. விதைப்பும் அறுவடையும் உச்சத்தில் இருக்கும் காலத்தில், ஆண்டுக்கு 60 நாள்வரை இவ்வேலை நடக்காது. அந்த நாள்களை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நில உடைமையாளருக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற பழைய புகாருக்குக் கொடுக்கப்பட்ட விடை இது. நூறு நாள் வேலை தலித் பெண்ணுக்குக் கொடுத்த மிகப் பெரிய செல்வம் 336 ரூபாய் இல்லை. 'அந்தக் கூலிக்கு வரமாட்டேன்' என்று பண்ணை வாசலில் சொல்லும் துணிவு. கூலி உயரக்கூடிய அந்த இரண்டு மாதத்தில்தான் அத்துணிவு தேவைப்படும். அந்த இரண்டு மாதத்தில்தான் அது பறிக்கப்படுகிறது. திருச்சுழி போன்ற மானாவாரிப் பகுதியில் இன்னொரு அபாயமும் உண்டு. ஐப்பசி மழை பொய்த்தால் விதைப்பே இராது. அறிவித்த நாள்களில் காட்டு வேலையும் இல்லை, அரசு வேலையும் இல்லை என்றாகும்.

இதைக் கேட்கக் கிராம சபை இருக்கிறது. கேட்பவரின் பக்கம் நிற்க வேண்டிய ஊராட்சித் தலைவர்தான் இல்லை. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து தனி அலுவலர்கள் கையில் நிர்வாகம் போனது. ஒதுக்கீட்டில் வந்த தலித் தலைவர்களும் பெண் தலைவர்களும் அன்றோடு நாற்காலி இழந்தார்கள். ஆயினும் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடந்தாக வேண்டும் என்பது விதி; தீர்மானம் எழுதும் உரிமை வாக்காளருக்கு உண்டு. ஊரில் இருக்கும் பட்டதாரிகள் அங்கே எழுதித் தரக்கூடிய தீர்மானங்கள் சில தெளிவாகவே இருக்கின்றன. 60 நாள் நிறுத்தத்தை மாவட்டம் முழுமைக்கும் ஒரே தேதியில் அறிவிக்காமல் ஊராட்சிவாரியாக, அந்த ஆண்டின் மழையளவையும் கண்மாய் நீரிருப்பையும் பார்த்து அறிவிக்க வேண்டும். சட்டம் பகுதிக்குப் பகுதி தனித்தனி அறிவிப்புக்கு இடம் தருகிறது. 2024 சட்டத்தின்கீழ் விருதுநகர் மாவட்டத்துக்கு ஒதுக்கியதும் செலவிட்டதும் ஒன்றியவாரியாக ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்பட வேண்டும். வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையின் ஐந்தாண்டுக் காத்திருப்பைப் பட்டியல் சாதியினருக்கு ஓராண்டாகக் குறைத்து, தொகையைப் படிக்கும்போது கிடைத்த 1,000 ரூபாய்க்குக் கீழே போகாதபடி உயர்த்த வேண்டும். ஜவுளிப் பூங்காவில் அரசு நிலமும் அரசு மானியமும் பெறும் ஆலைகளுக்கு, உள்ளூர்ப் பட்டியல் சாதி இளைஞருக்கான வேலைப் பங்கைக் குத்தகை ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக்க வேண்டும். அடுத்த கிராம சபைக்கு முன் இவற்றை ஒரு தாளில் எழுதி, நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்களிடம் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குவது இரண்டு மாலை நேர வேலை.